பனை கட்டிய கட்டுச்சோறு

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் வாணர் பாலத்தில், காலை எட்டு மணிக்கே, கனடாவிலிருந்து வந்த என் மருமகன் தோள்பையைத் திறந்தான். ஓட்ஸ், பாதாம், சொக்லேட் எல்லாம் சேர்த்து அழுத்திய கிரனோலாத் துண்டுகள் நாலைந்து கொண்டுவந்திருந்தான். உறையைப் பிரித்தால் உள்ளே சேறு. சொக்லேட்டில் இருக்கும் கொக்கோக் கொழுப்பு 34 பாகை செல்சியசை ஒட்டி உருகிவிடும். கறுப்புப் பையின் உட்புறம் அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது. நான் மடியிலிருந்து, பனங்கிழங்கில் செய்த புழுக்கொடியலை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கடித்துப் பார்த்தவன், "மாமா, இது சாப்பாடோ, விறகோ?" என்றான்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. புழுக்கொடியல் ஏன் விறகைப் போல இருக்கிறது, அப்படி இருப்பதால் நடப்பவருக்கு என்ன லாபம் என்று அன்று பாலம் கடந்து மடத்துவெளி வரைக்கும் அவனுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். அப்போது சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவனுடைய ஊரில் இலையுதிர்காலம் நடைக்குரிய பருவம். செப்ரெம்பர் கடைசியில் ஒன்ராறியோவில் மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கும். அல்கொன்குயின் பூங்காவின் காட்டுப் பாதைகளில் ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். எங்களுக்கு அந்த மாதங்கள் ஆவணியும் புரட்டாசியும். ஏறத்தாழ 9.6 பாகை வட அகலக்கோட்டில் கிடக்கும் இந்தத் தீவுக்கு நேர் உச்சியில் சூரியன் வருடத்தில் இரண்டு முறை வருகிறது: ஏப்ரல் நடுவில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் மறுமுறை. உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள்ளேயே ஒடுங்கும் பருவம்தான் எங்கள் 'இலையுதிர்காலம்'. இங்கே உதிர்வது இலையல்ல, பனம்பழம்.

இந்தப் பழத்தின் நாட்காட்டியை ஊன்றிப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் நடுவிலிருந்து டிசெம்பர் முடிவதற்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதற்கு முன் நீண்ட வறட்சி, பின்னும் வறட்சி. பழம் விழுவது மழைக்கு முந்திய வெய்யிலில். அப்போது பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. பினாட்டு என்றும் சொல்வார்கள். மிஞ்சிய விதைகளைப் புரட்டாசியில் பாத்தி போட்டுவிட்டால் மழை வந்து அவற்றை முளைக்கவைக்கும். மழை ஓய்ந்து தை, மாசியில் பாத்தியைக் கிண்டினால் கிழங்கு. அந்த மாதங்களின் வெய்யிலிலும் வறண்ட காற்றிலும் அது காயும். மழைக்கு இந்தப் பக்கம் ஒரு காய்ச்சல் காலம், அந்தப் பக்கம் இன்னொன்று. பனை இந்த இரண்டையும் பிடித்துவைத்திருக்கிறது. அதைப் பார்த்து ஊரும் பிடித்துக்கொண்டது. ஆவணியில் நாங்கள் நடந்துபோகையில் கடிக்கும் புழுக்கொடியல், போன வருடத்து ஆவணியில் இதே மரங்களின் கீழ் விழுந்த பழம்.

கிழங்கு என்று சொல்கிறோமே தவிர, தாவரவியலாரைக் கேட்டால் அது மரவள்ளியைப் போல வேர்க்கிழங்கும் அல்ல, உருளைக்கிழங்கைப் போல தண்டும் அல்ல. பனை முளைக்கும் விதமே தனி. விதைக்குள்ளிருந்து ஒரு குழாய் போன்ற காம்பு புறப்பட்டு நேரே கீழ்நோக்கி இறங்குகிறது. குருத்தும் வேரும் அதன் நுனியில், மண்ணுக்குள் ஆழத்தில்தான் உருவாகின்றன. மேலே விதைக்குள் பஞ்சு போன்ற இனிப்பான ஒன்று பருத்து, கொட்டையின் கெட்டிப் பருப்பைக் கரைத்து உறிஞ்சுகிறது. நாங்கள் வெட்டிச் சுரண்டித் தின்னும் பூரான் அதுதான். தமிழ்நாட்டில் தவண் என்பார்கள். உறிஞ்சிய உணவு குழாய் வழியே கீழே இறங்கி, முதல் இலையின் உறையில் மாப்பொருளாகச் சேர்கிறது. கிழங்கு என்பது அந்தக் களஞ்சியம்.

எதற்காக இவ்வளவு ஆழத்தில், இவ்வளவு மாப்பொருள்? மழை முடிந்து மாசி பிறந்தால் அடுத்த மழைக்கு எட்டு மாதம். மேல்மண் சுடும், புல்லுக்குத் தீ வைப்பார்கள், ஆடுமாடு மேயும். ஈரம் எஞ்சியிருக்கும் ஆழத்தில் குருத்து பதுங்கி, தாய் விதை கொடுத்துவிட்ட மாப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து அந்த எட்டு மாதத்தைக் கடக்கவேண்டும். ஆகவே பனங்கிழங்கு என்பது ஒரு கன்று நீண்ட வறண்ட பயணத்துக்காகக் கட்டிக்கொண்ட கட்டுச்சோறு. நாங்கள் அதைப் பாதிவழியில் பறித்துக்கொள்கிறோம்.

பறித்ததை வைத்து இரண்டு விதமான பண்டம் செய்வார்கள். இரண்டும் ஒன்றென்று வெளியூர்க்காரர் மயங்குவதுண்டு. பச்சைக் கிழங்கைக் கிழித்து அப்படியே காயவைத்தால் ஒடியல். அவித்து, பிறகு கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். புழுக்குதல் என்றால் அவித்தல். புழுங்கல் அரிசியில் இருப்பதும் அதே சொல்தான், நடப்பதும் ஏறத்தாழ அதே வேலைதான். மாப்பொருள் மணிகள் சூடான நீரில் ஊதி உடைந்து, உள்ளே மடிந்திருந்த நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அவிழ்கின்றன. ஆறும்போது, குறிப்பாக அமைலோசு எனப்படும் கிளையற்ற சங்கிலிகள், ஒன்றையொன்று தேடி அருகருகே படுத்து இறுகிவிடுகின்றன. நேற்றைய சோறு விறைத்துப்போவதும் இதனால்தான். அந்த இறுக்கத்திலிருந்து வெய்யில் நீரையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது கண்ணாடியின் தன்மை கொண்ட திண்மம். புழுக்கொடியலை ஒடித்து முறிந்த இடத்தைப் பாருங்கள், லேசாக ஒளி ஊடுருவும் பழுப்பு நிறம் தெரியும். ஒடியலின் முறிவு வெள்ளையாக, மாவாக இருக்கும்.

இப்படி இறுகிய மாப்பொருளை நம் குடல் நொதிகள் மெல்லத்தான் வெட்டும். ஒரு பகுதியைச் சிறுகுடல் வெட்டாமலே பெருங்குடலுக்கு அனுப்பிவிடும். பல்லும் அவசரப்பட முடியாது. ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் ஐந்து நிமிடம் போகும். உமிழ்நீரில் உள்ள அமைலேசு நொதி அதை மோல்ற்றோசுச் சர்க்கரையாக உடைக்க உடைக்க இனிப்பு மெல்ல ஊறும். கிரனோலாத் துண்டை மருமகன் நான்கு கடியில் முடித்துவிடுவான். புழுக்கொடியல் அவனை ஒரு கிலோமீற்றர் தூரம் மெல்லவைக்கும்.

ஒடியலைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் இந்த இடத்தில் வேண்டும். பச்சை ஒடியல் மாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 1970களில் இலங்கையில் நடந்தன. நரம்பையும் ஈரலையும் தாக்கும் நச்சுத்தன்மை அதில் இருப்பதையும், சூடு அதைக் குறைப்பதையும் அந்த வரிசை ஆய்வுகள் காட்டின. ஊர் இதை எலி வைத்துச் சோதிக்கவில்லை. ஆனால் ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பு நீரை வடித்து, மீனும் நண்டும் மரவள்ளியும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கூழாகக் காய்ச்சித்தான் குடித்தது. நடைவழியில் கொறிக்க ஒடியல் சரிவராது. சந்தையில் வாங்கும்போது முறித்துப் பார்த்து வாங்குங்கள்.

இனிக் கெடாமல் இருக்கும் விஷயம். உணவைக் கெடுப்பவை பாக்ரீரியாவும் பூஞ்சணமும். அவற்றுக்கு நீர் வேண்டும். உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும்படி கட்டற்று இருக்கிறது என்பதே முக்கியம். அதை நீர்ச் செயற்பாடு என்ற எண்ணால் அளக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. 0.91க்குக் கீழே பெரும்பாலான பாக்ரீரியாக்கள் பெருகமாட்டா, 0.80க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சணங்களும் ஓய்ந்துவிடும், 0.60க்குக் கீழே எதுவுமே வளராது. புழுக்கொடியல் நீரை வெளியேற்றி அந்தத் தாழ்வுக்கு இறங்குகிறது. பனாட்டு வேறு வழியில் போகிறது. தொட்டால் மெத்தென்று வளையும், உள்ளே ஈரம் இருக்கிறது என்பது கைக்கே தெரியும். ஆனால் பழச் சர்க்கரைகள் காயக் காயச் செறிந்து, எஞ்சிய நீரைக் கட்டிப் பிடித்துக்கொள்கின்றன. பூஞ்சணத்தின் பார்வையில் அது நீர் நிறைந்த பாலைவனம். ஒரு படை காய்ந்தபின் அடுத்த படை ஊற்றுவதன் காரணமும் இதுதான். தடிப்பாக ஒரே தடவையில் ஊற்றினால் மேற்புறம் தோல்போலக் காய்ந்து, உள்ளேயிருக்கும் நீரை வெளியே விடாமல் அடைத்துவிடும். அடைபட்ட இடம் புளிக்கும்.

பனாட்டின் செம்மஞ்சள் நிறம் கரட்டில் உள்ள அதே கரோட்டீன் குடும்பம். அதன் காறல் கசப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் என்ற சேர்மங்கள். பனையின் தாவரவியற் பெயரான பொராசஸ் பிளபெலிபெர் என்பதிலிருந்து வந்த பெயர். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான்ஸ் குழுவினர் இவற்றைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். பனங்காய்ப் பணியாரம் சுடும் அம்மம்மாமார் களியை முதலில் அடுப்பில் வைத்துக் காய்ச்சுவது அந்தக் காறலை அடக்கத்தான். பணியாரமும் நடைக்கு நல்ல துணை. ஆனால் எண்ணெயில் பொரியும்போது மேற்பரப்பு நீர் மட்டுமே பறக்கிறது, உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். இரண்டு மூன்று நாளுக்குமேல் நம்பக்கூடாது. அதற்குள் தீர்ந்துவிடும் என்பது வேறு கதை.

எள்ளுப்பாகைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் கோபிப்பார்கள். எள்ளில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். 1 கிராம் மாப்பொருள் 4 கலோரி தரும் இடத்தில் 1 கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். பை பாரமாகக்கூடாது என்றால் எள்ளுக்கு ஈடில்லை. எண்ணெய் உள்ள பண்டம் சிக்கு நாற்றம் அடிக்குமே என்றால், எள்ளுக்குள் அதற்கும் காவல் உண்டு. வறுக்கும்போது செசமோலின் என்ற பொருள் உடைந்து செசமோல் உருவாகி, எண்ணெய் காற்றுடன் சேர்ந்து கெடுவதைத் தடுக்கிறது. வறுக்காமல் இடித்தால் மணமும் இல்லை, காவலும் குறைவு.

இதே கணக்கை இதே பாலத்தில் வேறு சிலரும் போடுகிறார்கள். புரட்டாசியில் பாலத்தின் இருபுறமும் ஆழமில்லாத கடலில் உள்ளான் பறவைகள் இறங்கத் தொடங்கும். வடக்கே சைபீரியா வரையான நிலங்களில் முட்டையிட்டு, மத்திய ஆசிய வான்பாதை வழியாகத் தெற்கே வருபவை. அவை புறப்படுமுன் சேர்க்கும் கட்டுச்சோறு முழுக்கக் கொழுப்பு. மாப்பொருளைக் கிளைக்கோசனாக உடலில் சேமித்தால் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைக் கூடவே கட்டிச் சுமக்கவேண்டும். கொழுப்புக்கு அந்தப் பாரம் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: 1 கிராம் கொழுப்பு எரிந்தால் 1 கிராமுக்குச் சற்று அதிகமாகவே நீர் பிறக்கிறது. குடிக்க இறங்காமல் பறக்க அது உதவுகிறது. புழுக்கொடியல் பெட்டிக்குள் புகுந்து அதை உளுத்துப்போகச் செய்யும் வண்டும் ஏறக்குறைய இதே வித்தையில்தான் பிழைக்கிறது. பூஞ்சணம்கூட நுழைய முடியாத வறண்ட மாவில், தின்ற உணவை எரித்துத் தனக்கான நீரை உண்டாக்கிக்கொள்கிறது. ஐப்பசி ஈரத்தில் புழுக்கொடியல் நமத்துப்போனால் வண்டுக்கு வேட்டை இன்னும் சுலபம். வெய்யில் எறிக்கும் நாளில் திரும்பக் காயப்போடச் சொல்வது அதனால்தான்.

மனிதருக்கு அந்த வித்தை போதாது. இந்த இடத்தில்தான் நடைத் தின்பண்டம் பற்றிய பேச்செல்லாம் வழி தவறுகிறது என்று நினைக்கிறேன். 60 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் 1 கிலோமீற்றர் நடக்க ஏறத்தாழ 50 கலோரி செலவாகும். பாலம் தொடங்கி குறிகட்டுவான் துறை வரை போய், இடையில் கண்ணகை அம்மன் கோவிலுக்கும் திரும்பி, 12 கிலோமீற்றர் என்றே வைத்துக்கொள்வோம். 600 கலோரி. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசனாக ஏற்கெனவே 1,500 கலோரிக்கு மேல் இருப்பு இருக்கிறது. காலையில் புட்டோ இடியப்பமோ தின்றுவிட்டுப் புறப்பட்ட யாரும் இந்தத் தீவில் பசியால் விழமாட்டார். மலையே இல்லாத ஊர் இது. விழுந்தால் தண்ணீரால்தான் விழுவார்.

உச்சி வெய்யிலில் நடப்பவருக்கு ஒரு மணிக்கு அரை லீற்றர் முதல் 1 லீற்றர் வரை வியர்வை போகும். வழியில் கிணறு இருக்கிறதே என்று நினைக்கக்கூடாது. சுண்ணாம்புக்கல் தீவுகளின் நன்னீர் பெரும்பாலும் ஆறாகவோ குளமாகவோ கிடைப்பதில்லை. மழைநீர் கல்லின் துளைகளில் இறங்கி, உப்புநீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் அடர்த்தி கூடியது. அந்தச் சிறு வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி நன்னீர் நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்ற ஒல்லாந்தரும், 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்ற யேர்மானியரும் தனித்தனியாகக் கண்ட கணக்கு அது. இதைத் திருப்பிப் படித்தால் பயம் வரும்: மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும். எட்டு மாத வறட்சியின் கடைசியில், ஆவணி புரட்டாசியில், வில்லை மிக மெலிந்திருக்கும். கிணறுகள் மிக உவர்த்திருக்கும். பனம்பழம் விழுவதும், நடக்கும் விருந்தினர் வருவதும், தண்ணீர் மிகக் கெட்டிருப்பதும் ஒரே மாதத்தில்.

ஆகவே நல்ல நடைத் தின்பண்டம் எது என்பதைவிட, அது தண்ணீரோடு எப்படி ஒத்துப்போகிறது என்பதே இங்கே கேள்வி. உலர் பண்டத்தைத் தனியாகவும் நீரைத் தனியாகவும் சுமக்கலாம். இரண்டையும் முன்கூட்டியே கலந்தால் கெடும். புழுக்கொடியல் மாவோடு தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடிப்பது எல்லோருக்கும் பிடித்த பண்டம், ஆனால் தேங்காயின் ஈரம் மாவின் காவலைக் கலைத்துவிடுகிறது. காலையில் பிடித்ததை மத்தியானத்துக்குள் முடிக்கவேண்டும். புழுக்கொடியலைத் துண்டாகவும் தேங்காய்ச் சொட்டை வேறு பொட்டலமாகவும் கொண்டுபோய், வாயில் கலப்பது புத்தி. சொட்டின் கொழுப்பும் புழுக்கொடியலின் மாவும் சேர்ந்து மெல்லும் சுகமும் அப்போதுதான் கிடைக்கும்.

அடுத்தது பனங்கட்டி. பாளையிலிருந்து வடியும் கருப்பநீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை. முட்டிக்குள் பூசிய சுண்ணாம்பு அதைக் கள்ளாகாமல் தடுக்கிறது. காய்ச்சி, ஓலைக் குட்டானில் வார்த்த பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பது எங்கள் பழக்கம். நடைவழியில் தேத்தண்ணிக்குப் பதிலாகத் தண்ணீரும், அதில் ஒரு சிட்டிகை உப்பும், தேசிக்காய்ப் புளியும் சேர்ந்தால் அது வெறும் ருசியாக நிற்பதில்லை. குடற்சுவரில் குளுக்கோசையும் சோடியத்தையும் கைகோத்தபடி உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது கதவைத் திறக்கும். திறந்தால் நீர் பின்தொடரும். 1960இல் ரொபேர்ட் கிறேன் என்பவர் முன்வைத்த இந்தக் கருத்திலிருந்துதான் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புக் கரைசல் சாத்தியமாயிற்று. பனங்கட்டியின் சுக்குரோசைக் குடலே குளுக்கோசும் பிரக்ரோசுமாக உடைத்துக்கொள்ளும். உப்பு மட்டும் கை தவறக்கூடாது. நாக்குக்குக் கண்ணீரைவிட உப்பாகத் தெரிந்தால் ஊற்றிவிட்டு வேறு கலக்குங்கள்.

மருமகன் அன்று மடத்துவெளி தாண்டுவதற்குள் இரண்டு புழுக்கொடியல் முடித்துவிட்டான். திரும்பிப் போகும்போது ஒரு பை கட்டிக் கொடுத்தோம். ஸ்காபரோத் தமிழ்க் கடைகளிலும் கிடைக்கும், ஆனால் அது யாருடைய பாத்தி என்று தெரியாதே. அங்கே ஒக்ரோபர்க் குளிரில் இதைக் கொறிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: குளிர் தாகத்தை மறைக்கும், வியர்ப்பதும் தெரியாது. இந்தப் பண்டம் உங்கள் உடலின் நீரில் ஊறித்தான் செரிக்கும். தாகம் வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

இங்கே வருபவர்களுக்கும் அதே சொல்தான், கொஞ்சம் கடுமையாக. குறிகட்டுவானுக்கு நடக்க நினைத்தால் விடியமுன் புறப்படுங்கள். பாலத்தில் நிழல் கிடையாது. பண்டம் ஆளுக்கு 200 கிராம் போதும். தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றருக்குக் குறையக்கூடாது. அதை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள். ஆவணி புரட்டாசியில் ஊர்க் கிணறுகளை நம்பமுடியாது.